ராபின் பார்க்கும் இடம்

இறந்து பதினாலு மாதம் ஆன ராபின், இதுவரை நான்கு முறை வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறான்.

நான்கு முறையும் அம்மாவுக்குத்தான் வந்தான். ஒரு முறையும் பேசவில்லை. பத்துப் பதினைந்து வினாடி நின்றான், நடந்தான், சிரித்தான், அதோடு சரி. அனுப்பிய எண்ணுக்கு அடித்தால், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது.

ராபினின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார், மனைவி வீட்டில் விட்டுப்போன அந்த போனை மேஜையில் வைத்துவிட்டு, வைத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். இப்போது மகன் இருக்கும் போனைத் தொடப் பயந்தார்.

"என் சம்சாரம் ரோஸ்மேரி பத்து நாளா ஆயக்குடிக்குப் போயிட்டு வர்றா மேடம். காலைல முதல் பஸ்ஸு. அங்க கொய்யாக் கடைகிட்ட உக்காந்தா, பொழுது சாஞ்சாத்தான் திரும்புறா. கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கிறா. நாலாவது வீடியோல அவன் அங்கதானே நிக்கிறான்? வருவான்னு காத்துக்கிட்டு இருக்கா. நாளைக்குக் காலைல அவளை மதுரைல ஒரு மனநல ஆஸ்பத்திரில சேக்கணும்னு என் தம்பி வண்டியும் பேசிட்டான். அதுக்குள்ள இதை யாரு செய்யிறாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. இது பொய்யின்னு அவகிட்ட காட்டிட்டா, அவளை அங்க கொண்டுபோய் விடவேண்டி வராது."

நஜ்முன்னிசா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். வயது ஐம்பத்தாறு. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் அவள் பார்த்தது ஒரே வேலை: செத்ததாகச் சொல்லப்பட்டவர் நிஜமாகவே செத்தாரா என்று விசாரிப்பது. ஓய்வு பெற்ற பிறகும் பேகம்பூரில் அவள் வீட்டு வாசலில் ஆட்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அவளுக்குப் பக்கத்தில், தன் ஆட்டோவை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தவன் சடையாண்டி. அவளை ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்ட காலத்தில் வழியெல்லாம் ஓசியில் துப்புச் சொல்லத் தொடங்கியவன். நிறுத்தச் சொல்லி அவளும் அலுத்துவிட்டாள்.

"அக்கா, உங்க சர்வீஸ்ல உசிரோட இருக்கவன் செத்ததாச் சொல்லி வந்திருக்கான். செத்தவன் உசிரோட வாரது இதுதான் முதல் கேஸு," என்றான் சடையாண்டி.

"வாயை மூடிக்கிட்டு வீடியோவைப் பாரு."

முதல் வீடியோ, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு. ராபின் தூண் ஓரமாக நிற்கிறான். தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. கால் தரையில் படவில்லை, விரல்கடை உயரத்தில் மிதக்கிறது.

இரண்டாவது, ஒரு பிரியாணிக் கடை வாசல். வெள்ளைக் கோடு போய்விட்டது, கால் தரையில் இருக்கிறது. ஆனால் எல்லார் முகத்திலும் வெயில் இடது பக்கம் விழ, ராபின் முகத்தில் மட்டும் வலது பக்கம் விழுகிறது.

மூன்றாவது, சர்ச் திருவிழாவின் சப்பர பவனி. வெயில் சரி, நிழலும் சரி. கூட்டம் மொத்தமும் பழைய போனில் எடுத்ததுபோல் மங்கலாக இருக்க, இவன் மட்டும் பளிச்சென்று இருக்கிறான்.

"இவன் பேயா இருந்தாலும் படிப்படியா முன்னேறுற பேய் அக்கா," என்றான் சடையாண்டி.

"பேய் முன்னேறலை. ஒட்டுற ஆளு முன்னேறியிருக்கான். ஒரு தடவை பண்ணுன தப்பு அடுத்த தடவை இல்லை பாரு. யாரோ இதை வச்சுத் தொழில் பழகியிருக்காங்க." அவள் வாத்தியாரிடம் திரும்பினாள். "உங்க மகன் என்ன வேலை பாத்தாரு?"

"இதே வேலைதான் மேடம். நாகல் நகர்ல ஒரு மாடி ஸ்டூடியோ. சினிமாவுக்கு கம்பாசிட்டிங் பண்றது. தனித்தனியா எடுத்ததை ஒரே காட்சியா ஒட்டணும், ஒட்டுனது தெரியக்கூடாதும்பான். மொட்டை மாடில பச்சை பெட்ஷீட்டைக் கட்டி, அதுக்கு முன்னாடி நின்னு தன்னையே எடுத்துப் பழகுவான். பச்சையை நீக்கிட்டா ஆளை எங்க வேணா நிறுத்தலாமாம்."

நான்காவது வீடியோவை அவள் ஏழு முறை ஓட்டினாள். ஆயக்குடி, சாலையோரக் கொய்யாக் கடை. நீலக் கட்டம் போட்ட சட்டையில் ராபின் ஒரு கொய்யாவைக் கடிக்கிறான். பக்கத்தில் யாரும் இல்லை. அந்த யாரும் இல்லாத இடத்தைச் சற்றே குனிந்து பார்க்கிறான். பார்த்து, கண் சுருங்க, முழுசாகச் சிரிக்கிறான். நஜ்முன்னிசா அந்தச் சிரிப்பில் படத்தை நிறுத்தினாள். வெறும் காற்றைப் பார்த்து ஒரு மனிதன் அப்படிச் சிரிக்க முடியாது.

"இதுல தப்பே இல்லையே," என்றாள்.

"இருக்கு அக்கா." சடையாண்டி திரைக்குள் மூக்கை விட்டிருந்தான். காலையில் சாப்பிடாததால் அவன் ராபினைப் பார்க்கவில்லை, பழத்தைப் பார்த்தான். "காலி இடத்துக்குப் பின்னாடி கூடையைப் பாருங்க. இந்தப் பழத்துல கிளி கடிச்சிருக்கா? இந்தா, அதே கடி இங்க ஒண்ணு. அங்க ஒண்ணு. ஒரே கிளி மூணு பழத்தை அளவெடுத்த மாதிரி கடிக்குமா?"

நஜ்முன்னிசா அவனை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தாள். பிறகு வாத்தியாரிடம், "இந்தச் சட்டை எப்ப எடுத்தது?" என்றாள்.

"அவன் பிறந்தநாளுக்கு ரோஸ்மேரி எடுத்துக் குடுத்தது. அன்னைக்குத்தான் முதல் தடவையாப் போட்டான். போட்டுட்டு ஸ்டூடியோவுக்குப் போறேன்னு போனவன்தான். சாயங்காலம் பழனி ரோட்டுல, ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், லாரி... அந்த ரோட்டுக்கு எதுக்குப் போனான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது."

"அப்ப இது ஒட்டுன படம் இல்லை சார். அந்தச் சட்டையோட ஒரே ஒரு நாள்தான் அவரு இருந்திருக்காரு. இது அன்னைக்கு எடுத்த நிஜமான வீடியோ. இதுல யாரையும் சேக்கலை. பக்கத்துல நின்ன ஒரு ஆளைப் படத்துல இருந்து அழிச்சு எடுத்திருக்காங்க. எடுத்த ஓட்டையை அடைக்கப் பக்கத்துல இருந்த கொய்யாவை காப்பி பண்ணிப் போட்டிருக்காங்க."

வாத்தியார் போனைப் பார்த்தார். இவ்வளவு நாளும் பொய் என்று நினைத்து வெறுத்த படத்தில் இருந்தது தன் மகனேதான் என்று தெரிந்ததும் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

*

நாகல் நகர் ஸ்டூடியோவில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே போனால் காலையா மாலையா தெரியாது. நான்கு கம்ப்யூட்டர், நான்கு நாற்காலி. ஓர் ஓரத்தில் ஐந்தாவது நாற்காலி காலியாக இருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு ஹெட்போன் பதினாலு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதில் உட்காருவதில்லை, யாரும் அதை எடுத்து வைப்பதுமில்லை.

முதலாளி விக்னேஷ்குமார் முப்பது வயதுக்காரர். உபசாரமாக டீ சொன்னார்.

"ஒட்டுறது கஷ்டமா, அழிக்கிறது கஷ்டமா?" என்று நஜ்முன்னிசா சாதாரணமாகக் கேட்டாள்.

"அழிக்கிறதுதான் மேடம். ஒட்டுறதுக்குக் கையில ஒரு படமாச்சும் இருக்கும். ஆளை அழிச்சிட்டா அவனுக்குப் பின்னாடி என்ன இருந்திருக்கும்னு நாமளேதான் உண்டாக்கணும். ஒட்டக் கத்துக்க ஆறு மாசம்னா, அழிக்கிறதுக்கு வருசம் ஆகும். பழகிட்டா ஒரு வியாதியும் சேந்துக்கும். தியேட்டர்ல ஹீரோ அழுதுக்கிட்டு இருப்பாரு, ஊரே அவரைப் பாக்கும். நாங்க அவரு பின்னாடி அழிச்ச கரண்ட் கம்பம் தெரியுதான்னு அந்த மூலையையே பாத்துக்கிட்டு இருப்போம். எங்க வீட்டுல என்கூட சினிமாவுக்கே வரமாட்டாங்க."

நஜ்முன்னிசா டீயைக் கீழே வைத்தாள்.

"ராபினோட வீடியோ ஒண்ணு அவங்க வீட்டுல குடுத்தாங்க. பெரிய ஸ்கிரீன்ல போடுங்க. எல்லாரும் வந்து பாக்கட்டும், பழகுன பிள்ளைங்க."

சடையாண்டி அவள் காதருகே வந்தான். "அந்த முகேஷ்குமார் பய மேலதான் எனக்குச் சந்தேகம். ராபினோட ஹார்டு டிஸ்க் அவன்கிட்டதான் இருக்காம். இருக்கறதுலயே கைதேர்ந்தவனும் அவந்தானாம். ஆளும் தாடியுமா, பாக்கவே மூணு கேஸு இருக்கவன் மாதிரி இருக்கான்."

"செத்த நேரம் சும்மா இரு."

விளக்கை அணைத்தார்கள். நஜ்முன்னிசா திரைக்கு முதுகைக் காட்டி, சுவரோடு நின்றுகொண்டாள். அவளுக்கு வேண்டியது படம் இல்லை.

இருட்டில் நான்கு முகங்கள் நீலமாகத் தெரிந்தன. விக்னேஷ்குமாரின் கண் ராபின் மேல் இருந்தது. பானுப்ரியா என்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு ராபினைப் பார்த்தாள். மூன்று கேஸ் இருப்பவன் மாதிரி இருந்த முகேஷ்குமார் தாடியோடு தேம்பித் தேம்பி அழுதான்.

கடைசியில் நின்ற இன்னொரு பெண் ஜீவிதாவின் கண் மட்டும் ராபினிடம் போகவில்லை. திரையின் வலது பக்கம், யாரும் இல்லாத இடத்தில் நிலைத்திருந்தது. தலையை ஒரு நூல் முன்னால் நீட்டினாள். வலது கை, இல்லாத மவுசைத் தேடுவதுபோல் அசைந்தது.

நஜ்முன்னிசா அவள் உயரத்தைப் பார்த்தாள். ராபினின் தோள் வரை வருவாள். அவன் குனிந்து சிரித்த அளவு சரியாக இருந்தது.

*

மாடிப்படியில் வைத்துக் கேட்டபோது ஜீவிதா மறுக்கவில்லை. மறுப்பதற்கு முன்னால் அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"எங்க மாட்டுச்சு மேடம்? எட்ஜ்லயா?"

"கொய்யாப்பழத்துலம்மா," என்றான் சடையாண்டி. "ஒரே கிளி மூணு தடவை கடிச்சிருக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த மூலைய ரெண்டாவது தடவை பாக்கவே இல்ல. என்னை அழிச்சு முடிச்சா போதும்னு இருந்துச்சு."

பிறகு படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ராபினை இரண்டு வருடமாக அவளுக்குப் பிடிக்கும். அவனுக்கும்தான். வீட்டில் தெரிந்தால் அன்றோடு வேலையும் போய், வெளிவாசலும் அடைபட்டுவிடும். அதனால் ஸ்டூடியோவில்கூட யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"அடக்கத்துக்கு ஆபீஸ் ஆளுங்களோட நானும் போனேன். பின்னாடி நின்னேன். அவங்கம்மா, ஒரே ஒருக்கா அவன் நடக்குறதைப் பாக்கணும், சிரிக்கிறதைப் பாக்கணும், போட்டோ அசைய மாட்டேங்குதேன்னு அழுதாங்க. என் போன்ல பதினாறு வீடியோ இருந்துச்சு மேடம். அம்புட்டுலயும் நான் இருந்தேன்."

"உன்னை வெட்டிட்டு அவனை மட்டும் குடுத்திருக்கலாமே?"

"எல்லாத்துலயும் அவன் கை என் தோள்ல இருக்கும். இல்லாட்டி என் தலை அவன் மேல இருக்கும். எங்கன்னு வெட்டுறது?" அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எனக்கு ஆளை ஓரம் வெட்டி எடுக்க மட்டும்தான் தெரியும். அழிக்கத் தெரியாது. அதான் மொதல்ல அவன் பச்சைத் துணி முன்னாடி எடுத்ததை வச்சு ஒட்டிக் குடுத்தேன். அசிங்கமா இருந்துச்சு. ஆபீஸ் முடிஞ்சு உக்காந்து உக்காந்து கத்துக்கிட்டேன். இந்த ஒரு வருசத்துல நான் மேல வந்ததுக்கு சம்பளம் ஏத்திக் குடுத்தாங்க. எதுக்காகக் கத்துக்கிட்டேன்னு அவங்களுக்குத் தெரியாது. நாலாவதுதான் நிஜமா அவன். அவங்க சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சேன்."

"அந்தம்மா பத்து நாளா ஆயக்குடிலதான் உக்காந்திருக்காங்க. மகன் உசிரோட வருவான்னு. நாளைக்குக் காலைல அவங்களை மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க."

ஜீவிதா எழுந்தாள். மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நஜ்முன்னிசா வற்புறுத்தவில்லை. ஒரு பெண்ணின் வெளிவாசல் அடைபடுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"லீவு சொல்லிட்டு வாரேன்," என்றாள் ஜீவிதா.

*

பழனி பஸ்ஸில் மூவரும் ஏறினார்கள். ஆட்டோக்காரனை பஸ்ஸில் ஏற்றுவது சாமியாரைக் கல்யாண வீட்டில் உட்காரவைப்பதுபோல என்று சடையாண்டி முணுமுணுத்துக்கொண்டே வந்தான். வெளியே வெங்காயக் காடும் தென்னந்தோப்பும் வெயிலில் காய்ந்தன. ஒட்டன்சத்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜீவிதா திடீரென்று எழுந்து நின்றாள். நிறுத்தம் எதுவும் இல்லாத இடம்.

"இங்கதான்," என்றாள்.

சடையாண்டி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.

"திரும்பி வரும்போது, ஊருக்குள்ள பைக்ல சேந்து போனா யாராச்சும் பாப்பாங்கன்னு என்னை ஒட்டன்சத்திரத்துல இறக்கி பஸ் ஏத்திவிட்டான். அவன் முன்னாடி போயிட்டான். பஸ்ஸு இங்க வந்து நின்னுருச்சு. கூட்டம். எல்லாரும் ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க, நானும் பாத்தேன். நீலச் சட்டை. எனக்கு ரெண்டு சீட்டு முன்னாடி எங்க சித்தப்பா. அவரு திரும்பி, 'எவன் பெத்த பிள்ளையோ, பாக்காத ஆத்தா'ன்னாரு. நான் உக்காந்துட்டேன் மேடம். இறங்கலை. பஸ்ஸு கிளம்பிருச்சு. அன்னைக்கே என்னை நான் அழிச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல அழிச்சது அதுக்கப்புறம்தான்."

நஜ்முன்னிசா அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்கே அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

*

ஆயக்குடியில் இறங்கும்போது மணி மூன்று. சாலை நெடுகக் கொய்யா கூடைகள். வீடியோவில் இருந்த கடையில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ரோஸ்மேரி உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட சேலை, வாரிய தலை. மடியில் தண்ணீர் பாட்டில். சாலையில் வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸையும், இறங்கும் ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கார மூக்காயி மெல்லிய குரலில், "ஏனுங்க, அவங்க வீட்டு ஆளுங்களா? பத்து நாளா இப்படித்தானுங்க. ஒரு வம்பும் இல்லீங்க. வர்றவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருக்காங்க," என்றாள்.

நஜ்முன்னிசா ரோஸ்மேரி முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். செத்தவர்கள் செத்ததைச் சொந்தக்காரர்களிடம் சொல்லி அவளுக்குப் பழக்கம் உண்டு.

"ரோஸ்மேரி, உங்க மகன் ராபின்..."

"செத்துட்டான்," என்றாள் ரோஸ்மேரி. "மொதப் பிடி மண்ணு நான்தானே போட்டேன்? எனக்குத் தெரியாதா?"

நஜ்முன்னிசா திரும்பிச் சடையாண்டியைப் பார்த்தாள்.

"அவரு எனக்குப் பைத்தியம்னு உங்ககிட்டயும் சொன்னாராக்கும்? மத்த மூணும் யாரோ செஞ்சதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுச்சு. எம்பிள்ளை அப்படி விறைச்சுக்கிட்டு நிக்க மாட்டான். நாலாவதுல இருக்கது அவன்தான். நான் எடுத்துக் குடுத்த சட்டை. ஆனா அவன் என்னைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பை அவன் எனக்குச் சிரிச்சதே இல்லை. பக்கத்துல ஒரு பிள்ளை நின்னிருக்கு. அதைப் பாத்துத்தான் சிரிக்கிறான். அந்தப் பிள்ளை என்னைக்காச்சும் இந்த இடத்துக்கு வராமலா இருக்கும்?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா போலீஸு, கேஸுன்னு கிளம்பிருவாரு. அந்தப் பிள்ளை பயந்து ஒளிஞ்சுக்கும். அப்புறம் எனக்கு யாரு கிடைப்பா?"

கிளி கடித்த பழமும், இருட்டு அறையும், நான்கு முகங்களும் எதுவும் ரோஸ்மேரிக்குத் தேவைப்படவில்லை. நஜ்முன்னிசா இன்று காலை கண்டுபிடித்ததை இந்தம்மாள் பத்து நாளைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டு, வந்து உட்கார்ந்திருக்கிறாள். இருபத்திரண்டு வருட சர்வீசில் தன்னை இப்படி யாரும் தோற்கடித்ததில்லை என்று அவள் பிறகு சடையாண்டியிடம் சொன்னாள். அப்போது எழுந்து ஒதுங்கி மட்டும் நின்றாள்.

ரோஸ்மேரி பின்னால் நின்ற ஜீவிதாவைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. ஜீவிதா போனை நீட்டினாள். அதில் அழிக்காத வீடியோ இருந்தது. ரோஸ்மேரி அதை வாங்கவில்லை.

"அங்க போய் நில்லு தாயி," என்றாள். "எங்க நின்னியோ அங்க."

ஜீவிதா கூடைகளுக்கு முன்னால் போய் நின்றாள். ரோஸ்மேரி எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ராபின் நின்ற இடத்தில் வந்து நின்றாள். மகன் பார்த்த இடத்தை மகன் பார்த்த மாதிரியே குனிந்து பார்த்தாள். இப்போது அந்த இடம் காலியாக இல்லை.

"இப்பச் சொல்லு. என்னத்துக்கு அப்படிச் சிரிச்சான்?"

"உங்களைப் பத்தித்தாம்மா பேசிக்கிட்டு இருந்தோம்." ஜீவிதாவுக்கு வார்த்தை விட்டு விட்டு வந்தது. "எங்கம்மாகிட்ட உன்னைப் பத்தி எப்படிச் சொல்றதுன்னே தெரியலைன்னான். பேசாம ஒருநாள் கூட்டிட்டுப் போயி முன்னாடி நிறுத்திரவா, அவங்களே புரிஞ்சுக்குவாங்கன்னான். எனக்குப் பயமா இருக்குன்னேன். அதுக்குத்தான் சிரிச்சான்."

ரோஸ்மேரி அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"நிறுத்திட்டான்ல," என்றாள். "கூட்டிட்டு வந்து நிறுத்திட்டான்ல."

நஜ்முன்னிசாவின் போன் அடித்தது. ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார். ஆள் கிடைத்ததா, ரோஸ்மேரி நம்பினாளா என்று படபடவென்று கேட்டார். நஜ்முன்னிசா மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசினாள்.

"நாளைக்கு மதுரைக்குப் பேசுன வண்டியை வேண்டாம்னு சொல்லிருங்க சார். உங்க சம்சாரம் இன்னைக்கு வீட்டுக்கு வரும்போது கூட ஒரு பொண்ணு வரும். அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. முதல்ல உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க."